முட்டைத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு, மைசூரு மண்டி மொஹல்லாவிலிருந்து

நாமக்கல் பக்கத்திலிருந்து 1984இல் மைசூருக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. அசோகா ரோட்டில் பிலோமினா தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் இருட்டிலிருந்து வெளியே வருவதற்குள் லாரியில் இருந்த பெட்டிகளை இறக்கி முடித்துவிட வேண்டும். அதுதான் எனக்குச் சொல்லப்பட்ட முதல் வேலை. மண்டி மொஹல்லாவில் தொழில் கற்ற எல்லோரும் அப்படித்தான் கற்றோம்: முதலில் சுமை, பிறகு எண்ணிக்கை, அதற்கும் பிறகுதான் விலை. இன்று வருகிற பிள்ளைகள் விலையிலிருந்து தொடங்குகிறார்கள். கைப்பேசியில் காலையில் ரேட் வந்துவிடுகிறது, அதை வைத்துக் கணக்குப் போட்டுக் கடன் வாங்கிவிடுகிறார்கள். போன வருஷம் மட்டும் மூன்று பேர் என்னிடம் வந்து, "ரேட்டில் போட்ட விலை எனக்கு ஏன் கிடைக்கவில்லை?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். பண்ணை வைக்கிறவர்களுக்கும் கடை வைக்கிறவர்களுக்கும் பொதுவாகத்தான் எழுதுகிறேன். ஒருவரின் நஷ்டம் இன்னொருவர் வாசலுக்கு வர ஒரு வாரம்கூட ஆவதில்லை.

1. ரேட் என்பது யோசனை. ஆணை அல்ல.

காலையில் "இவத்து ரேட் எஷ்டு?" என்று கன்னடத்தில் கேட்கிற பேக்கரிக்காரரிலிருந்து பண்ணை முதலாளி வரை எல்லோரும் அந்த எண்ணை அரசு விலை என்று நினைக்கிறார்கள். அது அரசு விலை இல்லை. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, நம் வாயில் என்இசிசி, பண்ணையாளர்களின் அமைப்பு. 1982இல் டாக்டர் பி.வி. ராவ் முன்னின்று தொடங்கியது. அதற்கு முன் விலையைச் சொன்னவர்கள் பெருநகர வியாபாரிகள். கோழியை வளர்த்தவன் லாரியை அனுப்பிவிட்டு, என்ன விலைக்குப் போனது என்று கடிதத்துக்குக் காத்திருப்பான். என் தகப்பனார் அப்படிக் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். "என் முட்டை, என் விலை, என் வாழ்வு" என்ற முழக்கத்தோடு ஊர் ஊராகக் கூட்டம் போட்டு எழுப்பிய அமைப்பு அது.

ஆனால் அந்தக் குழு தன் விலைப் பட்டியலிலேயே தெளிவாகச் சொல்கிறது: இது பரிந்துரை விலை, கட்டாயமில்லை, தொழிலில் இருப்பவர்களின் தகவலுக்காக மட்டும். அப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விற்பவர்கள் கூடிப் பேசி ஒரே விலையைக் கட்டாயமாக்குவதை 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடுக்கிறது. ஆகவே அந்த எண்ணைக் காட்டி யாரையும் நீங்கள் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. உங்களையும் யாரும் இழுக்க முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டியலில் பெங்களூரும் சென்னையும் நுகர்வு மையங்கள். மைசூரு உற்பத்திப் பகுதி வரிசையில் இருக்கிறது. இரண்டின் விலைக்கும் இடையே உள்ள வித்தியாசம் லாரி வாடகையும் உடைசலும் கைமாற்றுக் கூலியும்தான். பெங்களூர் விலையைப் பார்த்துவிட்டு மைசூரில் கேட்காதீர்கள். விலை 100 முட்டைக்குச் சொல்லப்படுகிறது என்பதையும் புதியவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2. மைனஸைக் கணக்கில் எழுதுங்கள்.

இந்தத் தொழிலில் இத்தனை வருஷமாக நடக்கும் சண்டை இதுதான். பட்டியலில் ஒரு விலை இருக்கும். வியாபாரி பண்ணைக்கு வந்து, "சரக்கு தேங்குகிறது, இன்றைக்கு மைனஸ் 30" என்பார். ஒரு முட்டைக்கு 30 காசு குறைவு. நாமக்கல்லில் இந்த மைனஸை ஒழிக்க எத்தனை கூட்டம் போட்டார்கள், எத்தனை குழு அமைத்தார்கள் என்பது அங்கே உள்ள ஒவ்வொரு பண்ணையாளருக்கும் தெரியும். ஒழித்தோம் என்று அறிவிப்பார்கள். வரத்து கூடிய மாதத்தில் அது வேறு பெயரில் திரும்பி வரும்.

10,000 கோழி இருக்கிறது என்று வையுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு முட்டை விழுந்தால் நாளுக்கு 9,000. மைனஸ் 30 காசு என்றால் நாளுக்கு 2,700 ரூபாய். மாதத்துக்கு 81,000. அந்தப் பணத்தில் இரண்டு மூன்று ஆட்களின் சம்பளம் இருக்கிறது. அது ஒரு குறிப்பேட்டிலும் ஏறாமல் போய்விடுகிறது, ஏனென்றால் பில்லில் எழுதுவது ஒன்று, கைக்கு வருவது ஒன்று.

நானும் அந்தப் பக்கத்தில் நின்றவன். வியாபாரியாக மைனஸ் கேட்டிருக்கிறேன். சரக்கு தேங்கும்போது முட்டையை வைத்துக்கொண்டு உட்கார முடியாது, வெயில் காலத்தில் கடைக்குள் வைத்த முட்டை ஒரு வாரத்தில் கலங்கத் தொடங்கும். ஆகையால் மைனஸ் கேட்பதே அநியாயம் என்று சொல்ல மாட்டேன். மறைத்துக் கேட்பதும், எழுதாமல் பிடிப்பதும் அநியாயம். என்னிடம் வாங்கிய ஒரு பெரிய கடைக்காரர், இரண்டு வருஷம் வாய்க்கணக்கில் பிடித்தம் செய்துவந்தார். கேட்டபோது, "எழுத்து எங்கே?" என்றார். எழுத்து இல்லை. அந்தப் பணம் போனது போனதுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு லோடுக்கும் நான்கு எண்கள் எழுதுகிறேன்: அன்றைய பட்டியல் விலை, பேசிய விலை, எண்ணிக்கை, உடைசல். எதிர் ஆளின் கையெழுத்தும் வாங்குகிறேன். உங்களிடம் நோட்டு இல்லாவிட்டால் தீவன மூட்டையின் காகிதத்தில் எழுதுங்கள்.

3. எண்ணி விற்கிறோம், ஆனால் வாங்குகிறவர் எடையைத்தான் தின்கிறார்.

அக்மார்க் தரத்தில் 60 கிராமும் அதற்கு மேலும் மிகப் பெரியது, 53 முதல் 59 வரை பெரியது, 45 முதல் 52 வரை நடுத்தரம், 38 முதல் 44 வரை சிறியது. புது பேட்ச் கோழி பதினெட்டு, இருபது வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். அப்போது விழுவது புல்லெட் முட்டை, சின்னது. அதைப் பெரிய முட்டையோடு ஒரே தட்டில் கலந்து அனுப்பும் பழக்கத்தால் சண்டை வருகிறது. ஒரு தட்டு 30, ஒரு பெட்டி 7 தட்டு, 210 முட்டை. ஒரு தட்டை எடுத்துத் தராசில் வையுங்கள், அட்டையின் எடையைக் கழித்து முப்பதால் வகுங்கள். மூன்று நிமிட வேலை. மண்டி மொஹல்லாவில் இதைச் செய்கிற கடைகள் கொஞ்சம்தான், அவற்றுக்குப் பேக்கரிக்காரர்கள் தேடி வருகிறார்கள்.

4. எந்த அலுவலகம் எதைக் கேட்கலாம் என்று தெரிந்து வைத்திருங்கள்.

பயப்படுகிறவனிடம்தான் பணம் கேட்பார்கள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பண்ணை மட்டத்தில் விவசாயி உற்பத்தி செய்வதைத் தன் வரம்புக்கு வெளியே வைக்கிறது. ஆனால் அந்த முட்டை கடைக்கு வந்துவிட்டால் கடைக்காரர் பதிவோ உரிமமோ எடுத்தே ஆக வேண்டும். ஓட்டோடு உள்ள புது முட்டைக்கு ஜிஎஸ்டி இல்லை. கோழிக்கொட்டகையை வணிகக் கட்டடமாகக் கணக்கிட்டுக் கிராமப் பஞ்சாயத்து வரி கேட்ட வழக்கில், கோழி வளர்ப்பு வேளாண்மையைச் சேர்ந்தது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு அப்படி நோட்டீஸ் வந்தால் உடனே கட்டிவிடாமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

சட்டம் கோழியை எந்தப் பெட்டியில் வைக்கிறது என்பது எப்போதும் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. 1999இல் உச்ச நீதிமன்றம் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் வழக்கில், குஞ்சு பொரிப்பது தொழிற்சாலை உற்பத்தி ஆகாது என்றது. இயந்திரத்தில் வைத்தாலும் முட்டை தன் இயல்பில்தான் பொரிகிறது என்பது அதன் சாரம். அதனால் தொழில் நிறுவனங்களுக்கான வருமான வரிச் சலுகை கிடைக்காமல் போனது. ஓரிடத்தில் வேளாண்மை என்றால் லாபம், இன்னோரிடத்தில் அதே காரணத்தால் நஷ்டம். சலுகையைக் காட்டி உங்களை ஆசைப்படுத்தும் கணக்காளரிடம் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

5. இடம் வாங்கும் முன் நாடாவைப் பிடியுங்கள்.

2020 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கோழிப்பண்ணைகளுக்கு இருந்த பழைய விலக்கை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அதற்குப் பிறகு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழிகாட்டுதலை மாற்றியது. முன்பு ஒரு லட்சம் கோழிக்குக் கீழே இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. இப்போது 5,000ஐத் தாண்டினாலே விதிமுறை உங்களைத் தேடி வரும். குடியிருப்பிலிருந்து 500 மீட்டர், ஆறு, ஏரி, கால்வாய், குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர். நஞ்சன்கூடு, ஹுணசூர், தி.நரசிபுரா பக்கம் நிலம் பார்க்கிறவர்கள் கபினி, காவிரிக் கால்வாய்களை மறக்க வேண்டாம். இன்று காலியாக இருக்கும் பக்கத்து நிலத்தில் நாளை லேஅவுட் வரும், வீடு கட்டியவர் முதல் மழைக்கே ஈ என்று புகார் கொடுப்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். எருவை ஈரமாக விடாதீர்கள்.

6. கூண்டு.

இதைப் பற்றி என் வயதுக்காரர்கள் பேச விரும்புவதில்லை. நான் பேசுகிறேன். 2017இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269ஆவது அறிக்கையில் முட்டைக்கோழி வளர்ப்பு விதிகளை எழுதிக் கொடுத்தது. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட வரைவில் ஒரு கோழிக்குக் குறைந்தது 550 சதுர சென்டிமீட்டர் என்றது. நீங்கள் எழுதும் ஏ4 தாளை எடுத்துப் பாருங்கள். அது 620க்கும் மேல். அதைவிடச் சிறிய இடத்தைக் கொடுக்கவே நாம் தகராறு செய்தோம், ஏனென்றால் நம் கூண்டுகள் அதைவிடவும் குறுகலாக இருந்தன.

செலவு கூடும் என்பது உண்மை. ஒரே கொட்டகையில் கோழி எண்ணிக்கை குறையும், கடன் தவணை குறையாது. பழைய பண்ணைக்காரர்களுக்கு அவகாசம் வேண்டும் என்று நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் புதிதாகக் கூண்டு வாங்குகிற பிள்ளை, நாளைக்குச் சட்டத்துக்கு வெளியே போகக்கூடிய கூண்டை இன்று ஏன் வாங்க வேண்டும்? விரித்தே போடுங்கள். இறக்கையை விரிக்க முடியாத உயிரிடம்தான் நாம் சாப்பாடு வாங்குகிறோம் என்ற நினைப்பு ஒரு நாளாவது வர வேண்டும்.

7. மருந்துக்கடைக்காரர் கால்நடை மருத்துவர் அல்ல.

கடைக்காரர் எடுத்துத் தருவதையெல்லாம் கோழிக்குக் கொடுக்காதீர்கள். கோலிஸ்டின் மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுப்பதை 2019 ஜூலையில் அரசு தடை செய்தது. நைட்ரோஃபியூரான் வகை மருந்தும் எந்த நிலையிலும் கூடாது. வாங்கிய மருந்தின் பில்லையும் கொடுத்த தேதியையும் வைத்திருங்கள்.

8. செத்த கோழியை மறைக்காதீர்கள்.

2020 மார்ச் நடுவில் நம் ஊரிலேயே, கும்பாரகொப்பலில், பறவைக் காய்ச்சல் உறுதியானது. மண்டி மொஹல்லாவிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் கோழிகளை அழித்தார்கள், பத்துக் கிலோமீட்டர் கண்காணிப்பு. கோழியால் கொரோனா வரும் என்ற வதந்தி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரமே ஊரடங்கு. என் கடையில் அடுக்கிய பெட்டிகள் அப்படியே நின்றன. பக்கத்து மசூதித் தெருவிலும் தேவாலயத் தெருவிலும் இருந்த வீடுகளுக்கு வந்த விலைக்குக் கொடுத்தேன், மிச்சத்தைச் சும்மா கொடுத்தேன்.

அப்போது பண்ணைக்காரர்களுக்குத் தெரியாமல் இருந்த விஷயம் ஒன்று உண்டு. நோய்க்காக அரசு அழிக்கும் கோழிக்கு இழப்பீடு உண்டு. அதற்கு முன்பே நோயில் செத்த கோழிக்குக் கிடையாது. அதாவது பயந்து இரண்டு நாள் மறைத்தால், அந்த இரண்டு நாளில் சாகும் ஒவ்வொரு கோழியும் உங்கள் சொந்த நஷ்டம். 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி தகவல் சொல்வது உங்கள் கடமையும்கூட. ஒரே நாளில் வழக்கத்துக்கு மீறிச் சாவு விழுந்தால், பக்கத்துப் பண்ணைக்காரருக்குச் சொல்லும் முன் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். சாவு விழுந்த பண்ணையிலிருந்து முட்டை அட்டையைத் திருப்பி எடுத்துவராதீர்கள். நோய் வண்டிச் சக்கரத்திலும் அட்டையிலும்தான் பயணம் செய்கிறது.

9. பஞ்சாங்கமும் தீவனமும்.

கன்னடர்களின் சிராவணம், நம் புரட்டாசி, கேரளத்துக்காரர்களின் மண்டலக் காலம், இந்த மூன்றிலும் விற்பனை இறங்கும். டிசம்பரில் கேக்குக்காக ஏறும். கோழி இதையெல்லாம் பார்ப்பதில்லை, ஒன்று நாளுக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் தின்றுகொண்டே இருக்கும். செலவில் பெரும்பங்கு மக்காச்சோளமும் சோயாவும்தான். சிராவணத்தில் பேட்ச் உச்சத்துக்கு வராதபடி குஞ்சு இறக்குங்கள்.

10. பள்ளிக்கூட முட்டை நல்ல வியாபாரம், மெல்லிய லாபம்.

கர்நாடகத்தில் 2024இல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை மூன்று ஆண்டுகளுக்கு 1,500 கோடி ரூபாய் தர ஒப்பந்தம் செய்த பிறகு, பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஆறு நாள் முட்டை கிடைக்கிறது. எங்கள் காலத்தில் இதை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒதுக்கும் 6 ரூபாயில் முட்டை, அடுப்பு, உரிக்கும் கூலி எல்லாம் அடங்க வேண்டும். சந்தை ஏறும் மாதத்தில் தலைமையாசிரியர் தன் கையிலிருந்து போடுகிறார். அந்த ஆசிரியரிடம் சின்ன முட்டையைத் தள்ளாதீர்கள். நான் இதை வேண்டுகோளாகச் சொல்லவில்லை, என் கடையில் வேலை பார்த்தவர்களுக்குக் கட்டளையாகவே சொல்லியிருக்கிறேன். தமிழ்நாட்டில் சத்துணவு முட்டை டெண்டர் 2018இல் உயர் நீதிமன்றம் வரை போனது. அப்படிப்பட்ட பெரிய ஒப்பந்தத்தில் சின்னப் பண்ணைக்கு இடமே இருக்காது. தலைமையாசிரியரும் பள்ளிக் குழுவும் உள்ளூரில் வாங்கும் முறையில்தான் உங்களைப் போன்றவர்களுக்கு வாசல் திறந்திருக்கிறது.

11. "அரசு முட்டை வாரியம் வேண்டும்" என்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.

விலை சரியும்போதெல்லாம் இந்தக் குரல் எழும். பால் சங்கம் போல முட்டைக்கும் வாரியம் வேண்டும், வெளிமாநில லாரியை எல்லையில் நிறுத்த வேண்டும் என்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவன் நான், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

பிரிட்டனில் 1956 டிசம்பரில் முட்டை வாரியம் வைத்தார்கள். முட்டை மேல் சிங்க முத்திரை குத்தினார்கள். பதினான்கு வருஷத்தில், 1971இல், மூடினார்கள். கனடாவில் அதே 1971இல் நடந்தது இன்னும் பாடமானது. கியூபெக்கும் ஒன்டாரியோவும் ஒன்றின் முட்டையையும் கோழியையும் மற்றது தடுத்துச் சண்டை போட்டன. அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், வெளி மாகாண முட்டையைக் கட்டுப்படுத்தும் மனிடோபா திட்டம் செல்லாது என்றது. பிறகு 1972இல் நாடு முழுவதற்கும் ஒரே முகமை அமைத்து, எந்தப் பண்ணை எவ்வளவு முட்டை விற்கலாம் என்று அளவு வகுத்தார்கள். 1974இல் அந்த முகமையின் கையிலிருந்த 2.8 கோடி முட்டை அழுகிப்போனது. அந்த முகமை பிழைத்துக்கொண்டது, அங்குள்ள பண்ணையாளருக்கு இன்று நிலையான வருமானம் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் புதிதாகப் பண்ணை வைக்க நினைக்கும் பிள்ளை அந்த அளவுரிமையை முதலில் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

அதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: வாரியம் வந்தால் எனக்கு எத்தனை கோழி அனுமதிப்பார்கள்? முந்தி வந்தவர்கள் அளவை எடுத்துக்கொள்வார்கள், பிந்தி வந்தவன் வரிசையில் நிற்பான். எல்லையில் லாரியை நிறுத்துவதோ நம் அரசியலமைப்பில் எளிதல்ல. 301ஆவது பிரிவு நாடெங்கும் வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது. திம்பம் மலைப்பாதையில் 2022 முதல் இரவில் சரக்கு லாரிக்குத் தடை இருக்கிறது, அது வனவிலங்குக்காக. அந்தத் தடையால் நாமக்கல் முட்டை நிற்கவில்லை, சுற்றி வந்தது, வாடகை கூடியது, அந்தக் கூடுதலை மைசூரில் முட்டை வாங்கும் தாய்மார்கள் கொடுக்கிறார்கள்.

விலை சரியும்போது தாங்கிப் பிடிக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். குளிர்பதனக் கிடங்கில் வைக்கலாம், முட்டைத்தூள் ஆலைக்கு அனுப்பலாம், பள்ளி முட்டைக்கு ஆறு மாத விலையை முன்கூட்டிப் பேசலாம். இவற்றைக் கேட்டுப் பெறுங்கள். கோழிக்கு ரேஷன் கார்டு கேட்காதீர்கள்.

12. கூட்டத்துக்கு வாருங்கள்.

விலையைத் திட்டுகிற பண்ணையாளர்களிடம், "கடைசியாக என்இசிசியின் எந்த வட்டாரக் கூட்டத்துக்குப் போனீர்கள்?" என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. அந்த எண்ணைச் சொல்கிறவர்கள் வானத்திலிருந்து இறங்கியவர்கள் இல்லை, உங்களைப் போலத் தீவனக் கடன் உள்ளவர்கள். ஆனால் இரண்டு லட்சம் கோழிக்காரர் தவறாமல் வருகிறார், ஐயாயிரம் கோழிக்காரர் வருவதில்லை. பேசுகிறவருடைய தேக்கம்தான் அன்றைய தேக்கமாகக் கணக்கில் ஏறும். உங்கள் கொட்டகையில் எத்தனை நாள் சரக்கு நிற்கிறது, எவ்வளவு மைனஸ் கேட்கிறார்கள், எடை எவ்வளவு என்று இரண்டாம் அறிவுரையில் சொன்ன நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். கன்னடம் வராவிட்டால் தமிழில் பேசுங்கள், அங்கே பாதிப் பேருக்குப் புரியும், மீதிப் பேருக்கு நான் சொல்கிறேன். காலை லோடு இறக்கிய பிறகு என் கடைக்கு வந்தால் சேர்ந்தே போகலாம்.